கழற்றிக் கிடந்த லேத் மெசின்

அத்தியாயம் 5

நாலு மணிக்கு லொறி வெளிக்கிடும். அதில் அப்துல் கபூரையும் ஏற்றுவார்கள். தெற்கே தடுப்பு முகாமுக்குப் போகும் அந்த லொறியில் ஏறி, திரும்பி வந்து இந்தக் கல்முனைக் கடைத்தெருவில் தேத்தண்ணி குடித்தவர்களை எண்ணுவதற்கு என் ஒரு கை விரல்கள் போதும். அதிலும் மிச்சம் வரும். இப்போது காலை ஒன்பது மணி.

"ஏழு மணித்தியாலம் இரிக்கி," என்றார் காலிதீன் காக்கா.

"ஏழு மணித்தியாலத்தில கொழும்புக்கே போயிரலாம் காக்கா. இந்த முகாம் வாசலத் தாண்டி உள்ளுக்குப் போறதுதான் கஷ்டம்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. காலிதீன் காக்கா பதினெட்டு வருஷம் பொலிசில் சார்ஜன்டாக இருந்தவர். மேலதிகாரி எழுதச் சொன்ன பொய் ஒன்றை எழுத மாட்டேன் என்று எழுபத்தொன்பதில் வேலையை விட்டார். அன்றிலிருந்து பொலிசுக்குச் சொல்ல முடியாத கதைகளையெல்லாம் ஊர்ச்சனம் இவரிடம் கொண்டுவந்து கொட்டுகிறது. நான் மசூர். அவருடைய மொரிஸ் மைனரை ஓட்டுவது என் வேலை. அவர் கதைக்காமல் விடுவதையெல்லாம் சேர்த்து நான் கதைப்பது சம்பளமில்லாத வேலை.

வழக்கு இதுதான். வியாழக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு பொலிஸ் முகாம்காரர் வந்து அப்துல் கபூரின் வளவைச் சுற்றி வளைத்தார்கள். பின்பக்கத்துக் கொட்டிலில் இரும்பு கடைகிற சின்ன லேத் மெசின் ஒன்று கழற்றிக் கிடந்தது. துண்டுகளை இரண்டு சாக்கில் போட்டுக் கட்டினார்கள். கபூரையும் ஜீப்பில் போட்டார்கள். அடுத்த நாள் அவருடைய மனைவி சுபைறா எங்களிடம் வந்து அழுதாள். இவ்வளவும்தான் எங்களுக்குத் தெரியும்.

முகாமில் இருந்த இன்ஸ்பெக்டர் சிங்களவர். காலிதீன் காக்காவோடு ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர். எங்கள் பகுதியில் இருபது வருஷம் வேலை செய்ததால் தமிழ் நன்றாகக் கதைப்பார். மேசையில் பரப்பிக் கிடந்த சாமான்களைக் காட்டினார். உள்ளே துளை ஓடிய ஒரு முழ நீள உருக்குக் குழாய், அதன் ஒரு முனையில் புரி வெட்டியிருந்தது. இரண்டு சுருள் வில்லுகள். விரல் போட்டு இழுக்கத் தோதாக வளைந்த ஒரு கைபிடி.

"இதையெல்லாம் ஒண்டாப் பூட்டினா என்ன வரும், காலிதீன்?"

"லேத் மெசின் வரும் சேர்."

"முகாம் பெரிய ஐயா, சுடுற துவக்கு வரும் எண்டு சொல்றார்."

"பெரிய ஐயா பூட்டிக் காட்டினாரா சேர்?" என்று கேட்டேன். காலிதீன் காக்கா என் காலை மிதித்தார்.

இன்ஸ்பெக்டர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு பெட்டிசத்தை எடுத்துப் போட்டார். "இத எழுதின ஆள் வந்து, இது குடும்பக் கோபத்தில எழுதினது எண்டு கையெழுத்து வைச்சா நான் பெரிய ஐயாவோட கதைக்கலாம். அது இல்லாம எனக்கு ஒண்டும் ஏலாது. நாலு மணி வரைக்கும்தான்."

பெட்டிசம் என்ற அந்த முறைப்பாட்டுக் கடிதம் தமிழில் நாலே வரி. கையெழுத்து, பெயர், ஒன்றும் இல்லை. 'அப்துல் கபூர் என்பவரின் வளவில் அனுமதியில்லாத மெசின் ஒன்று இருக்கிறது. மெசின் இப்போது கழற்றிக் கிடக்கிறது. இரண்டு பேர் வந்தால் தூக்கிக்கொண்டு போகலாம். வெள்ளிக்கிழமைக்கு முன்பு வரவும்.'

காருக்கு வந்ததும் காலிதீன் காக்கா ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தார்.

"மசூர், நான் பொலிசில ஆயிரம் பெட்டிசம் வாசிச்சிரிப்பன். கள்ளன், குடிகாரன், பொம்புளப் பொறுக்கி எண்டு ஆளத் திட்டாத பெட்டிசம் இதுதான் முதல். இத எழுதின ஆளுக்குக் கபூரில கோபமில்ல. மெசினிலதான் கோபம்."

"தூக்கிற ஆக்கள்ர இடுப்பிலயும் நல்ல கரிசனை இரிக்கி."

"அதத்தான் சொல்றன். காரை எடு. சகலன்ட வீட்ட போவம்."

சகலன் என்றால் ஜவுபர், சுபைறாவின் தங்கச்சி புருஷன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை என்பவன் உடுத்த சாரனோடு வந்து அந்த வீட்டில் ஏறுகிறவன். அக்காளுக்கும் தங்கச்சிக்கும் ஒரே வளவில் அடுத்தடுத்து வீடு கட்டிக் கொடுப்பார்கள். அப்படி ஏறின இரண்டு மாப்பிள்ளைகளும் மௌத்தாகி மண்ணுக்குள் போகும் வரைக்கும் ஒரே மதிலுக்கு அங்கேயும் இங்கேயும் கிடந்து முறைக்க வேண்டியதுதான். லேத் மெசின் சத்தத்தைப் பற்றி ஜவுபர் பள்ளிவாசல் நிருவாகத்திடம் மூன்று தரம் முறைப்பாடு சொன்னது ஊருக்கே தெரியும்.

முதலில் கபூரின் வீட்டுக்குப் போனோம். வளவின் முன்பக்கத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு அத்திவாரம் நின்றது. மகள் சபூறாவுக்குக் கட்டத் தொடங்கிய வீடு. உள்ளே புல் முளைத்து இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. பின்பக்கத்துக் கொட்டிலில் இடுப்பளவுக்கு ஒரு கொங்கிறீட் பீடம் இருந்தது, மேலே ஒன்றும் இல்லை.

"அந்த அத்திவாரத்துக்கு எடுத்த சீமெந்தில ஆறு பை இதுக்குத்தான் போன," என்றாள் சுபைறா. "மெசின் அதிரப்படாதாம்."

அவள்தான் எல்லாம் சொன்னாள். சீனித் தொழிற்சாலையில் மெசின் பூட்டுகிற பிட்டராக இருந்த கபூர், தன் நாட்டுக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் விட்டுப்போன மெசினை எடுத்து வந்தார். முதலில் காலால் மிதித்து ஓட்டினார். பிறகு சுபைறாவின் தையல் மெசின் மோட்டரைக் கழற்றி அதில் பூட்டினார். மூன்று வருஷம் லேத் மெசின் மோட்டரில் ஓடியது, அவள் காலால் மிதித்துத் தைத்தாள். போன மாதம் தண்ணி இறைக்கிற மோட்டர் ஒன்று கிடைத்தது. அதன் வேகத்துக்குப் பழைய பித்தளைப் புஷ் வளையம் தாங்காது, குண்டு உருளும் பெயாரிங்தான் போட வேண்டும் என்று மெசினைக் கழற்றினார். குழாய் சுற்றுகிற முன்தலையைப் பாண்டிருப்புப் பட்டறைக்காரர் இராசதுரையிடம் துளை பெருப்பிக்கக் கொடுத்தார். பத்து நாளாக மெசின் துண்டு துண்டாகக் கிடந்தது. தையல் மோட்டர் மட்டும் அவளுக்குத் திரும்பி வந்தது.

"இவ்வளவு பாடுபட்டு, அந்த மெசினில என்னதான் ராத்தா செஞ்சாரு?" என்று கேட்டேன்.

"மெசினுக்குச் சாமான் செஞ்சாரு," என்றாள். பகிடி விடவில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஜவுபர் சாய்மானக் கதிரையில் கிடந்தார். பக்கத்தில் றேடியோ. பெட்டிசம் என்ற சொல்லைக் கேட்டதுமே எழும்பி நின்றுவிட்டார்.

"நான் எழுதல்ல! வல்லாஹி, நான் எழுதல்ல! சத்தம் போடுறான் எண்டு சண்டை புடிச்சன், ஓம். அதுக்காக முகாமுக்கு எழுதுவனா? எனக்கும் ஆம்புளப் புள்ள மூணு இரிக்கி காக்கா."

"மெசின் கடைசியா எப்ப ஓடின?"

"புதன்கிழம பின்னேரமும் ஓடின. இந்த றேடியோதான் சாட்சி. அவன் சுவிச்சத் தட்டினா செய்தி ஒரு சொல்லும் விளங்காது. கரகர எண்டு நெல்லு வறுக்கிற சத்தம்."

காலிதீன் காக்கா என்னைப் பார்த்தார். "மசூர், அங்கால போய் தையல் மெசினக் கொஞ்சம் ஓட்டு."

"எனக்குத் தைக்கத் தெரியாதே காக்கா."

"ஒனக்குத் தெரிஞ்ச மாதிரி ஓட்டு."

போய் மோட்டர் மிதிகட்டையை மிதித்தேன். மதிலுக்கு அப்பால் ஜவுபர் கத்தினார். "இன்னா! இந்தச் சத்தந்தான்! அவன முகாமில வைச்சிரிக்க, யார்ரா மெசின ஓட்டுற?"

நான் திரும்பி வந்தபோது காலிதீன் காக்கா முற்றத்தில் நின்றார். "விளங்கினா? பத்து நாளா இவர் கேட்டது தையல் மோட்டர். லேத் இன்னும் ஓடுது எண்டுதான் இவர் நினைச்சிக்கிட்டிரிக்கார். பெட்டிசம் எழுதின ஆளுக்கு மெசின் கழட்டிக் கிடக்கிறது தெரியும். ஜவுபர் இல்ல."

"பெட்டிசத்த வாசிக்காமலே இவர்ர பேரில நான் பந்தயம் கட்டியிருப்பன்," என்றேன். எனக்கு அந்த ஆளைக் கண்ணிலே காட்டக்கூடாது. அவர் குற்றவாளியாக இல்லாமல் போனதில் உண்மையாகவே மனவருத்தம்தான்.

மெசின் கழற்றிக் கிடப்பது யார் யாருக்குத் தெரியும் என்று சுபைறாவிடம் கேட்டார் காக்கா.

"எங்கட வீட்டில மூணு பேருக்கும். மத்தது இராசதுரை அண்ணனுக்கு." பிறகு உடனே சொன்னாள். "அவர் எழுதியிரிக்க மாட்டாரு காக்கா. அந்த மனுஷன இதுக்குள்ள இழுக்காதீங்க."

பாண்டிருப்புக்குக் கார் ஓடி ஐந்து நிமிஷம். போன வருஷத்துத் தமிழ் முஸ்லிம் குழப்பத்துக்குப் பிறகு அந்த ஐந்து நிமிஷத்தை ஓட எங்கள் ஆட்களும் யோசிக்கிறார்கள், அவர்களும் யோசிக்கிறார்கள். ஒழுங்கையால் திரும்பும்போது பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். இராசதுரையின் பட்டறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. ஐம்பது வயது மனிதர். எங்களைக் கண்டதும் ஒழுங்கையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்.

"கபூரப் பிடிச்ச கதை கேள்விப்பட்ட நான். ரெண்டு நாளாச் சோறு இறங்கல்ல."

"பெட்டிசம் ஒண்டு போயிரிக்கி," என்றார் காக்கா.

இராசதுரை கசப்பாகச் சிரித்தார். "நான் எழுதினனா எண்டு கேக்க வந்தீங்களா? தம்பி, நான் முகாமுக்குப் பெட்டிசம் போட்டா அவனுகள் முதல்ல என்னைத்தான் பிடிப்பானுகள். லேத் மெசினப் பற்றி உனக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேட்டு. தமிழன் கையில புரி வெட்டின இரும்பு இருந்தா அதுக்குப் பேர் வேற."

சாக்கைத் தூக்கி மேசையில் வைத்தார். உள்ளே லேத் மெசினின் முன்தலை. துளை வெட்டி, பெயாரிங் போட்டு, எண்ணெய் பூசியிருந்தது.

"திங்கக்கிழமையே வேலை முடிஞ்சுது. அண்டைக்கே குடுத்திருப்பன். கெட்ட காலம், இன்னும் ஒரு கிழமை வைச்சிருக்கச் சொல்லிட்டாங்க."

"ஆர் சொன்ன?"

"கபூர்தான் சொல்லி அனுப்பினவர். அவர்ர பெண்சாதி வந்தவ. அவர் வேற வேலையில நிக்கிறார், வெள்ளி கழிச்சு எடுக்கிறார் எண்டு சொன்னவ. அதுக்குள்ள ஆரும் வந்து கேட்டாலும் முடியல்ல எண்டு சொல்லட்டாம்."

எனக்கு நாக்கு வரவில்லை. இதை எழுதி வையுங்கள், வருஷத்தில் ஒரு நாள்தான் இப்படி நடக்கும்.

"இத நீங்களே கொண்டு போங்க தம்பி," என்று இராசதுரை சாக்கை என் கையில் தள்ளினார். "இது இஞ்ச கிடந்தா என்னையும் அந்த லொறியில ஏத்துவானுகள்."

காரில் நான் சண்டை பிடித்தேன். "இல்ல காக்கா. புருஷனுக்காக நேத்து நம்மட வாசலில வந்து அழுத பொம்புள. பொய்யா அழுதாளா?"

"உண்மையாத்தான் அழுதா. அதுதான் எனக்கும் விளங்கல்ல. ஆனா இராசதுரை எழுதல்ல எண்டு அவ எப்பிடி அவ்வளவு உறுதியாச் சொன்னா? ஆர் எழுதினது எண்டு தெரிஞ்ச ஆள்தான் அப்பிடிச் சொல்லலாம்."

மணி ஒன்றரை. சுபைறா குசினியில் நின்றாள். சபூறாவைத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பச் சொன்னார் காக்கா. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, திங்கக்கிழம பாண்டிருப்புக்கு ஏன் போன?"

அவள் மறுக்கவில்லை. அகப்பையை வைத்துவிட்டு முக்காட்டை இழுத்துச் சரி செய்தாள்.

"சபூறாக்கு மூணு சம்பந்தம் வந்த காக்கா. வீடு எப்ப முடியும் எண்டு கேட்டாங்க. மூணும் போயிட்டு. சீமெந்து மெசினுக்கு. கதவுக்கு எடுத்த இரும்பு மெசினுக்கு. என்ட மோட்டர் மெசினுக்கு. இப்ப பெயாரிங், அது முடிஞ்சா வேற ஒண்டு. புள்ளைக்கு இருவத்தி நாலு வயசு."

"அதுக்கு முகாமுக்கா எழுதுவாங்க?" என்று நான் கத்திவிட்டேன்.

"மெசின மட்டும் கொண்டு போவானுகள் எண்டு நினைச்சன் தம்பி! ஓடிக்கிட்டிரிந்தா, இதில என்ன செய்றாய் எண்டு அவர அடிப்பானுகள். கழட்டிக் கிடந்தா வெறும் இரும்புதானே. இரும்பத் தூக்கிக்கிட்டு ஆள விட்டுருவானுகள் எண்டுதான் நாள் பாத்து எழுதின. அவருக்கு ஒண்டும் வரப்படாது எண்டுதான் கழட்டின நாளாப் பாத்த."

காலிதீன் காக்கா கண்ணை மூடிக்கொண்டார். "முழுசா நிண்டிரிந்தா மெசினெண்டு குருடனுக்கும் தெரியும், தங்கச்சி. கழட்டிக் கிடந்ததாலதான் அவனுகள் கண்ணுக்கு ஒவ்வொரு துண்டும் துவக்காத் தெரிஞ்ச."

"யா அல்லாஹ்," என்று அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். எனக்குக் கோபமான கோபம். அவள் மேலேயும் வந்தது, கபூர் மேலேயும் வந்தது, குழாயைப் பார்த்துத் துவக்கு என்ற அந்தப் பெரிய ஐயா மேலே அதைவிடக் கூட வந்தது. யாரையும் அடிக்க முடியவில்லை.

"நேத்தே ஏன் சொல்லல்ல?" என்றார் காக்கா.

"நீங்க வேற வழியில எடுத்துத் தருவீங்க எண்டு நினைச்சன். அவருக்குத் தெரியாம."

"வேற வழி இல்ல. நீ வந்து சொல்லோணும். அவருக்கு முன்னால."

அவள் நெடுநேரம் யோசிக்கவில்லை. எழும்பி அடுப்பை அணைத்துவிட்டு வந்து காரில் ஏறினாள்.

மூன்று மணிக்கு முகாமில் இருந்தோம். லொறி வாசலில் பின்கதவைத் திறந்துகொண்டு நின்றது. காலிதீன் காக்கா முன்தலையை இன்ஸ்பெக்டரின் மேசையில் வைத்து, அந்த உருக்குக் குழாயை எடுத்து அதற்குள் செலுத்தினார். ஒரு விரலால் தட்டினார். குழாய் சத்தமில்லாமல் சுழன்றது.

"இதுதான் உங்கட துவக்கு சேர்."

இன்ஸ்பெக்டர் அதைத் தானும் ஒரு தரம் சுழற்றிப் பார்த்தார். "சரி, மெசின். பெட்டிசக்காரன் எங்க?"

"நான்தான் எழுதின," என்றாள் சுபைறா.

அதற்குள் கபூரைக் கொண்டுவந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வலது கையைச் சாரன் துண்டால் சுற்றியிருந்தார். கதவுக்குள் வந்ததும் அவர் முதலில் பார்த்தது மனைவியை அல்ல, மேசையில் சுழன்றுகொண்டிருந்த குழாயை.

"பெயாரிங் சரியா இருந்திட்டா?" என்று கேட்டார்.

அந்த மனிதனை உலுக்க வேண்டும் போல எனக்கு இருந்தது.

"இவ சொல்றா, பெட்டிசம் எழுதினது இவ எண்டு," என்றார் இன்ஸ்பெக்டர்.

கபூர் அப்போதுதான் சுபைறாவைப் பார்த்தார். வீங்கின முகம் மலர்ந்தது. "பொய் சேர்! என்னைக் காப்பாத்த இவ பொய் சொல்றா. இருவத்தி ஆறு வருஷம் என்னோட வாழ்ந்தவ சேர் இவ. இவ எழுதமாட்டா. தலைய வெட்டினாலும் எழுதமாட்டா." சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. அவள் தனக்காக இவ்வளவு தூரம் வந்துவிட்டாள் என்ற பெருமை அந்த அழுகையில் இருந்தது.

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். "நானும் அதத்தான் நினைக்கிறன், காலிதீன். புருஷன எடுக்க எந்தப் பொம்புளையும் இப்பிடி வந்து சொல்லுவா."

"எழுதச் சொல்லுங்க சேர்," என்றார் காலிதீன் காக்கா. அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கும் பிடித்திருக்காது.

தாளும் பேனையும் கொடுத்தார்கள். சுபைறா நின்றபடியே எழுதத் தொடங்கினாள். பார்த்து எழுதவில்லை, மனப்பாடத்தில் எழுதினாள். முதல் வரியில் புருஷனின் பெயர். கபூர் அவளுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். மெசின் இப்போது கழற்றிக் கிடக்கிறது என்ற வரி வந்தபோது அவருடைய தலை ஆடுவது நின்றது. இரண்டு பேர் வந்தால் தூக்கிக்கொண்டு போகலாம் என்று அவள் எழுதும்போது, சுற்றியிருந்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு சுவரோடு போய் நின்றார். அவள் நாலாவது வரியையும் எழுதி முடித்துவிட்டுத்தான் பேனையை வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு எழும்பிப் பெரிய ஐயாவின் அறைக்குப் போனார். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கபூரை விட்டார்கள். மெசின் துண்டுகளைத் தர மாட்டார்களாம்.

வெளியே வந்ததும் நான் காரின் பின்கதவைத் திறந்து பிடித்தேன். கபூர் ஏறவில்லை. தெருவோரத்தில் நின்று, பின்னால் நடந்து வருகிற சுபைறாவுக்காகக் காத்திருந்தார். லொறி எங்களைத் தாண்டி வெளிக்கிட்டுப் போனது. உள்ளே இருந்தவர்களின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"என்னட்டச் சொல்லியிரிக்கலாமே," என்றார் கபூர். சத்தம் போடவில்லை. "ஒரு சொல்லு கேட்டிரிந்தா, நானே தூக்கிக் கடலில போட்டிரிப்பனே."

"மூணு வருஷமாக் கேட்டன்," என்றாள் சுபைறா.

அவள் எப்போது கேட்டாள் என்று கபூர் நினைத்துப் பார்க்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒன்றுமே ஞாபகம் வரவில்லை என்பதும் தெரிந்தது.

அக்கரைப்பற்று பஸ் வந்தது. அட்டாளைச்சேனையில் அவருடைய ராத்தாவின் வீடு இருக்கிறது. நான் முதலே சொன்னேன், எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். பொஞ்சாதியின் வீட்டுக்குப் போகாத ஆம்பிளை கூடப் பிறந்தவளின் வீட்டுக்குத்தான் போகவேண்டும். கபூர் சுகமான கையால் கம்பியைப் பிடித்து ஏறினார். பஸ் போய் மறையும் வரைக்கும் சுபைறா நின்றாள். பிறகு காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"கெதியாப் போவம் தம்பி," என்றாள். "வாப்பா வாறாரு எண்டு புள்ள பாத்துக்கிட்டிரிக்கும்."